சிக்கந்தர் பாய் கேட்ட ரிப்போர்ட்

சிக்கந்தர் பாய் இறந்துவிட்டார். இன்று காலை.

காலேஜ் ரோட்டில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்தாரே, அவர்தான். விடியற்காலையில் சுபுஹு தொழ எழுந்தவருக்கு நெஞ்சு வலி... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

கடைக்குப் பக்கத்து மெடிக்கல்காரர் போன் செய்தபோது நான் பேட்ஜ்களில் கயிறு கோத்துக்கொண்டிருந்தேன். நாளை சனிக்கிழமை எங்கள் இன்ஸ்டிட்யூட்டில் ஒர்க்‌ஷாப். ஆராய்ச்சியாளர்கள் தங்கள் வேலையைச் சாதாரண மக்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லப் பழகுவதற்கு. ஏற்பாடெல்லாம் என் தலையில்.

போனை வைத்துவிட்டு மறுபடி கயிறு கோத்தேன். நாலு பேட்ஜ் முடித்த பிறகுதான் அவர் சொன்னது எனக்கு உறைத்தது.

இந்த ஒர்க்‌ஷாப்புக்கு பேனர் அடிக்கத்தான் போன மாதம் அவர் கடைக்குப் போனேன். "ஆய்வாளர்களுக்கான அறிவியல் தொடர்பாடல் பயிலரங்கு" என்று எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"என்ன மேடம் எழுதிருக்கீக? எனக்கே ஒண்ணும் வெளங்கலயே."

விளக்கிச் சொன்னேன். "அட, இம்புட்டுத்தானா? அதையே போட்டா என்னவாம்?" என்று கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, தலைப்புக்குக் கீழே மஞ்சள் எழுத்தில் ஒரு வரி தட்டினார்.

"சொல்றது புரியணும்ல?"

எங்கள் டைரக்டர் முகம் சுளித்தார். நான் சண்டை போட்டு அந்த வரியைக் காப்பாற்றினேன்.

அன்றைக்கே எனக்கு ஆசை வந்துவிட்டது. இந்த மனிதரை வைத்தே ஒரு ஒத்திகை பார்த்தால் என்ன... நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு, அதுதான் என் ஆராய்ச்சி. மறுவாரம் கடையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தேன். புரியாத வார்த்தை வந்தால் கையைத் தூக்கச் சொல்லியிருந்தேன்.

தூக்கிய கையை இறக்கவே இல்லை, பாவி மனுஷன்.

நம் ஊரில் யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள். படித்த பிள்ளை பேசுகிறது, மனசு நோகக் கூடாது என்று "புரிஞ்சுச்சு, புரிஞ்சுச்சு" என்று தலையாட்டுவார்கள். நாமும் அதை நம்பிக்கொண்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவோம். எத்தனை கிராமத்தில் நான் இப்படி ஏமாந்திருக்கிறேன்.

"அந்த பிபிஎம்மு கிபிஎம்மெல்லாம் இருக்கட்டும் மேடம். சாக்கோட்டையில எங்க வீட்டுக் கெணத்துத் தண்ணியக் குடிக்கலாமா, கூடாதா? அதச் சொல்லுங்க."

டெஸ்ட் பண்ணாமல் சொல்ல முடியாது என்றேன். மறுநாளே ஒரு பாட்டிலில் தண்ணீரோடு வந்து நின்றார். ரிசல்ட் வரும்வரை எதற்கும் கேன் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அன்றிலிருந்து ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் ஒரு கேன். பார்க்கும்போதெல்லாம் புலம்பல்தான். "டீயே சப்புனு இருக்கு மேடம். என் கெணத்துத் தண்ணியில போட்டுப் பாருங்க, தெரியும்."

ரிப்போர்ட் போன வாரமே வந்துவிட்டது.

நல்ல தண்ணீர். தாராளமாகக் குடிக்கலாம்.

நான் சொல்லவில்லை.

நாளைக்கு அவரை முன்வரிசையில் உட்காரவைத்து, அந்த ரிப்போர்ட்டைத் திரையில் போட்டு, ஒரு ஆராய்ச்சி மாணவரை ஒரே நிமிடத்தில் அவருக்கு விளக்கச் சொல்வதாகத் திட்டம். அவர் முகம் மலர்வதை எல்லாரும் பார்க்க வேண்டும்... லைவ் டெமோவாம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

புதன்கிழமை அவரே போன் செய்தார். "ரிப்போர்ட் வந்துருச்சா மேடம்?"

"சனிக்கிழமை வாங்க பாய், சொல்றேன்."

"நல்ல சேதியா கெட்ட சேதியா, அத மட்டுமாச்சும் சொல்லுங்களேன்."

"சஸ்பென்ஸ்" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார்.

பத்து மணிக்கு சாக்கோட்டை போனேன். வாசலில் இரண்டு கேன். ஒன்று காலி. ஒன்று பிரிக்காமல், மூடியில் பிளாஸ்டிக் உறையோடு.

பெண்களோடு உள்ளே உட்கார்ந்திருந்தேன். கொல்லையில் ராட்டினச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பாயைக் குளிப்பாட்டுவதற்கு வாளி வாளியாக இறைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான்.

உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நேத்துக்கூட ஒங்களப் பத்தித்தான் பேசிட்டு இருந்தாக. சனிக்கெழம போகணும்னு வெள்ளச் சட்டையத் தேய்க்கக் குடுத்துருக்காக..."

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "அக்கா, உங்க கிணத்துத் தண்ணி நல்ல தண்ணிதான். குடிக்கலாம்" என்றேன். அந்த வீட்டில், அந்த நேரத்தில், பைத்தியம் மாதிரி.

அக்கா என்னையே பார்த்தார்.

"அவுககிட்டச் சொல்லிட்டீகளா?"

"இல்லக்கா" என்றேன்.

கையை விடவில்லை அவர். அதுதான் இன்னும் தாங்கவில்லை.

ஜும்மா தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்துவிட்டது. கேட்டில் பேனர் கட்டியாகிவிட்டது, மூலையில் சின்னதாக அவர் கடைப் பேர். சாப்பாட்டுக்காரர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். டைரக்டர் அஜெண்டா கேட்கிறார். அவர் ரிப்போர்ட்டைப் போட்டிருந்த முதல் ஸ்லைடை அழித்தேன்... திரும்ப வைத்தேன்... மறுபடி அழித்துவிட்டேன்.

பாய், ரிப்போர்ட் வந்துருச்சு. நல்ல சேதிதான். உங்க கிணத்துத் தண்ணியக் குடிக்கலாம்.

போயிட்டு வாங்க.