துளைப் பலகையும் பத்து நாள் விரதமும்

விஞ்ஞானத்தின் மேல் எனக்கிருக்கும் கோபத்தில் பாதி என் மேல் உள்ள கோபம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தீவுக்குச் சுதந்திரம் வருவதற்குச் சில வருடங்கள் முன்பு, தீவின் தெற்கே ஒரு சர்க்கரை ஆலையில் குமாஸ்தாவாக இருந்தேன். கரும்பு வெட்டு முடிந்து ஆலை நின்றிருந்த மாதங்களில் இங்கிலாந்திலிருந்து ஒரு உளவியல் நிபுணர் வந்தார். தொழிலாளியின் மனத்தையும் கையையும் அளப்பது அவர் படிப்பு. எல்லாம் ஆராய்ச்சிக்காக மட்டும் என்றார். எனக்கு இங்கிலீஷும் தீவின் பேச்சுமொழியான கிரியோலும் வரும் என்பதால் அவருக்கு மொழிபெயர்க்க என்னைப் போட்டார்கள்.

நல்ல மனிதர். அதுதான் வயிற்றெரிச்சல். முதல் நாளே சொன்னார்: “காய்ச்சலோ, தூக்கமில்லாததோ, கையின் வேகத்தைக் கெடுக்கும் எதுவாக இருந்தாலும் என்னிடம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நான் அளப்பதெல்லாம் பொய்யாகிவிடும்.” பெரிதாகத் தலையாட்டினேன்.

சோதனை எளிது. துளை நிறைந்த பலகையில் சின்ன இரும்புக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். அவர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வரிசையில் வந்த ஃபிட்டர்களில் பாதிப் பேர் எங்கள் தமிழ் ஆட்கள். கோவிலில் கொடியேறி எட்டு நாளாகியிருந்தது. காவடி எடுப்பவர்கள் பத்து நாள் விரதமாக ஒரு வேளைச் சாப்பாட்டில் இருந்தார்கள். அக்காவின் கணவர், பதினைந்து வருடமாக அங்கே நட்டு முடுக்கியவர், அவரும் அப்படித்தான். கம்பி அவர் விரலிலிருந்து இரண்டு முறை நழுவி விழுந்தது.

தாளில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘ஒன்றுமில்லை’ என்று எழுதினேன். லண்டனில் படிக்க எனக்குச் சிபாரிசுக் கடிதம் தருவதாக அவர் சொல்லியிருந்தார். கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு நின்ற எனக்கு, முதுகில் வேல் குத்திக்கொள்வதற்காக இவர்கள் அரைப்பட்டினி கிடக்கிறார்கள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இத்தனைக்கும் நானும் அதே விரதத்தில்தான் இருந்தேன். அவர் நீட்டிய, பன்றிக்கறி வைத்த ஹாம் ரொட்டியை, வயிறு சரியில்லை என்று பொய் சொல்லித் தள்ளிவிட்டேன்.

காவடி முடிந்து இரண்டு நாள் கழித்து அதே மனிதர் மானேஜர் அறையில் ஆலோசகராக உட்கார்ந்திருந்தார். புது இயந்திரங்களுக்கு யாரை வைத்துக்கொள்ளலாம், யாரை நிறுத்தலாம் என்று மானேஜர் கேட்டார். இவர் தம் நோட்டைப் புரட்டிப் பட்டியல் கொடுத்தார். ஆராய்ச்சிக்கு மட்டும் என்ற பேச்சு எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. நிறுத்த வேண்டியவர்களில் மச்சான் பெயரும் இருந்தது. அந்தப் பட்டியலை நான்தான் டைப் அடித்தேன்.

அவர் கப்பலேறும் நாளன்று மனசு கேட்காமல் உண்மையைச் சொன்னேன். அவர் நோட்டைத் திறந்து குறித்துக்கொண்டார்.

“மிக முக்கியமான விஷயம். கட்டுரையில் அடிக்குறிப்பாகச் சேர்த்துவிடுகிறேன்” என்றார்.

“பட்டியல்?”

“அதைக் கொடுத்தாகிவிட்டதே. இனி அது ஆலையின் முடிவு.”

கட்டுரை திருந்திவிட்டது. லண்டன் கடிதம் வரவில்லை. வந்திருந்தால் நான் போயிருப்பேன். அவ்வளவுதான் நான்.

மச்சான் கரும்புத் தோட்டத்தில் களை எடுக்கப் போனார். ஒரு வருடம் பொறுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, செமின் கிரனியே என்ற ஊரில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வது என்றுதான் போனேன்.

“மச்சான், அன்னைக்கு உங்க கையிலேருந்து கம்பி நழுவுனது விரதத்தாலதான். அதை நான்…”

“பா கோஸ் கும்சா, தம்பி.” அப்படிப் பேசாதே என்று கிரியோலில் தடுத்த அவர் குரல் கடுமையாக இருந்தது. “முருகனுக்கு இருந்த விரதம் ஒருத்தன் கையைக் கெடுக்குமா? எங்கிட்டதான் கோளாறு. வெள்ளைக்கார மிஸ்யே கடியாரம் வச்சு அளந்தே பாத்துட்டாரு.”

அதற்கு மேல் என்னைப் பேச விடவில்லை. சொல்லியே தீர்வது என்று நானும் நிற்கவில்லை. விரதத்தைக் குற்றம் சொன்னால் அவருக்குச் சாமி போய்விடும். சொல்லாவிட்டால் கை போய்விடும். அவர் கையை விட்டுவிட்டார்.

அன்று சமையலறைக் கதவின் கீல் கழன்று தொங்கியது. அக்கா அவரிடம் சொல்லவேயில்லை. நேராகப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். கடையில் துணி விற்கும் அந்த மனிதர் ஸ்க்ரூ டிரைவரைத் தப்பும் தவறுமாகத் திருகிக்கொண்டிருக்க, மச்சான் பக்கத்தில் நின்று திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.