பதினோராம் பக்கத்து விதவை

எர்மினியா லோசானோ பதினாறு வருஷமாக மனோதத்துவ டாக்டர்களுக்கு டைப் அடித்துப் பிழைத்தவள். புவனோஸ் ஐரெஸில் அந்த 1965ஆம் வருஷம் பல்வலிக்கு டாக்டரைத் தேடுவதைவிட மனசைக் கொட்ட டாக்டரைத் தேடுகிறவர்கள்தான் அதிகம். அவள் எந்த டாக்டரின் கட்டிலிலும் படுத்து மனசைக் கொட்டியதில்லை. டைப் அடித்தே எல்லாம் தெரிந்துகொண்டுவிட்டதாக ஒரு நினைப்பு.

அந்த நினைப்பால் தெருவில் ஒருத்தருக்கும் நிம்மதி இல்லை.

"உங்க பையன் ஏன் கத்தியைத் தொட மாட்டேங்கிறான் தெரியுமா, தொன் ஃபாபியோ?" என்று கறிக்கடைக்காரரிடம் கேட்பாள். "உங்க மேல கோபம். அந்தக் கோபத்தைப் பார்த்து அவனுக்கே பயம்."

"அப்படியா! ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் வருதுன்னான், நான் நம்பிட்டேன். ஈரல் எவ்வளவு போடட்டும்?"

நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. முப்பது வயசு வரைக்கும் பக்கவாதத்தில் கிடந்த அப்பாவைத் தூக்கினாள், துடைத்தாள், சவரம் செய்துவிட்டாள். இடையில் ஒருத்தன் வந்தான். எலிசேயோ. ரயில்வேயில் வேலை கிடைத்து ரொசாரியோவுக்குப் போனான். "போனதும் கடுதாசி போடறேன், நீ கிளம்பி வந்துடு" என்றான். கடுதாசி வரவில்லை. ஆண்கள் அப்படித்தான் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். பிறகு அதற்கும் ஒரு கோட்பாடு கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

அம்மா புருதென்சியாவுக்கு எழுபத்தொன்று. செவ்வாய்தோறும் கறுப்புத் தொப்பி வைத்து, ஒரு கட்டு கார்னேஷன் பூ வாங்கிக்கொண்டு கணவனின் கல்லறைக்குப் போவாள். உயிரோடிருந்தபோது அவரோடு இரண்டு வார்த்தை நல்லபடியாகப் பேசாதவள் இப்படி மாறிவிட்டாளே என்று எர்மினியாவுக்குக் கண் கலங்கும்.

திங்கட்கிழமை காலை டாக்டர் வைன்ஷெல்லின் கட்டுரை வந்தது. வெள்ளிக்கிழமை டாக்டர்கள் சங்கத்தில் வாசிக்க வேண்டியது. "என் கையெழுத்து உங்களுக்கு மட்டும்தான் புரியும், எர்மினியா" என்று அவர் சொன்னதில் அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. பொருள் கிரேக்கத் துயர நாடகம். தகப்பனைக் கொன்ற தாயைப் பகைத்து, கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல் அரண்மனை வாசலிலேயே நின்றுபோன அரசகுமாரி. அவள் தகப்பனுக்காக அழவில்லை, தாயின் இடத்துக்கு ஆசைப்பட்டவள் அவள் என்பது டாக்டரின் வாதம். மாத்தே டீயை உறிஞ்சிக்கொண்டே, "அது சரி, அது சரி" என்று தலையாட்டியபடி அடித்தாள்.

பதினோராம் பக்கத்தில் ஓர் உதாரணம். ஒரு விதவை, தர்ம ஆஸ்பத்திரி நோயாளி. செவ்வாய்தோறும் கையில் பூவோடு வருகிறாள். கணவனின் கல்லறைக்குப் போவதாக மகளிடம் சொல்லிவிட்டு. அந்தப் பூ உண்மையில் மருத்துவருக்கானது என்று டாக்டர் எழுதியிருந்தார். எர்மினியாவின் விரல் நின்றது. அவசரமாகக் கீழே படித்தாள். படுத்த படுக்கையான கணவன். அவனுக்குச் சவரம் செய்துவிடும் மகள். ரொசாரியோவிலிருந்து அந்த மகளுக்கு வந்த மூன்று கடிதங்களைத் தாய் அடுப்பில் போட்டிருக்கிறாள்.

அடுத்த வரியில் டாக்டரின் விளக்கம். கடிதம் வராததை மகள் ஒருமுறைகூட விசாரிக்கவில்லை. தகப்பனைவிட்டுப் பிரிய விரும்பாத அந்த மகள், நாடகத்து அரசகுமாரியைப் போலவே, கடிதங்கள் எரிவதை உள்ளூர விரும்பினாள்.

விரும்பினாளாம்! தினமும் தபால்காரன் வரும் நேரத்துக்கு ஜன்னலோரம் நின்று நின்று கால் வீங்கினவள் அவள். பதினாறு வருஷமாக ஊரார் மேலெல்லாம் அவள் எறிந்த கல் அன்றைக்குத் திரும்பி வந்து அவள் நெற்றியிலேயே விழுந்தது. ஆனாலும் ஒரு பிழை இல்லாமல் கட்டுரையை அடித்து முடித்தாள். கை அந்தப் பழக்கத்தை விடவில்லை.

மறுநாள் அம்மா தொப்பியை எடுத்தபோது எர்மினியா வாசலை மறித்து நின்றாள்.

"எந்தக் கல்லறைக்கும்மா போறே? வைன்ஷெல் டாக்டர் கல்லறைக்கா?"

அம்மா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நெஞ்சு படபடப்புன்னு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர்கிட்ட அனுப்பிட்டாங்க. பைத்தியத்துக்குப் பாக்கற டாக்டர்கிட்ட போறேன்னு தெரிஞ்சா நீ தெரு முழுக்க ஆராய்ச்சி பண்ணுவே. அதான் பிறந்த வீட்டுப் பேரைக் குடுத்தேன்."

"கடுதாசியை ஏம்மா எரிச்சே?"

"ஏனா? நீ போயிட்டா உங்கப்பாவை நான் ஒருத்தியா எப்படித் தூக்குவேன்? அவர் தொண்ணூறு கிலோ. எனக்கு இடுப்பு வேற போயிடுச்சு."

அரசகுமாரியும் இல்லை, ஆசையும் இல்லை. தொண்ணூறு கிலோ. எர்மினியாவுக்குச் சிரிப்பு வந்து, அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

"பாவி! என் வாழ்க்கையையே அடுப்புல போட்டுட்டு இருபத்திரண்டு வருஷம் என்கூட உட்கார்ந்து சாப்பிட்டியே!"

"தப்புதான். டாக்டர்கிட்ட சொல்லி அழுதேன். இப்ப படபடப்பு இல்லடி. நல்லாத் தூங்கறேன்."

எர்மினியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிய வேண்டியது இனி ஒன்றே ஒன்றுதான். அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"என்னம்மா எழுதியிருந்தான்? வான்னு கூப்பிட்டானா, இல்ல வராதேன்னானா? அதையாவது சொல்லிடு."

புருதென்சியா மகளை நிமிர்ந்து பார்த்தாள். அவமானப்பட்டவள் போல உதடு துடித்தது.

"எனக்கெப்படித் தெரியும்? அடுத்தவங்க கடுதாசியைப் பிரிச்சுப் படிக்கிறவளா நான்?"