அம்முலு எடுக்கும் அளவு

“இன்னா வேல பண்ற நீ?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அம்முலு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பாள். உள்பாடி தைத்துக்கொள்ள வந்தவளுக்கு அந்தக் கேள்வி பிடிபடாது. முப்பத்தாறு, முப்பத்தெட்டு என்று ஏதோ ஒரு எண்ணைச் சொல்வதற்காக வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடி வந்திருப்பாள். அந்த எண்ணை அம்முலு காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. “அது டப்பா மேல போட்டுகீற நம்பரு. உன்னுது இல்ல. வேல இன்னா, அத்தச் சொல்லு.”

இட்லிக் கடைக்காரி என்றால் மாவுக் குண்டானைத் தூக்குவது எப்படி என்று செய்து காட்ட வேண்டும். டீச்சர் என்றால் எட்டாத உயரத்தில் சுவரில் எழுதிக் காட்ட வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகிறவள் மண் கூடையைத் தலைக்கு ஏற்ற வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் கழுத்தில் கிடக்கும் டேப் கைக்கு வரும். அதுவும் மார்புக்குக் கடைசியில்தான் போகும். முதலில் விலாவைச் சுற்றி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி ஒரு அளவு, விடச் சொல்லி ஒரு அளவு. “பாரத்தப் பட்டைதாம்மா தாங்கணும். தோளு இன்னா பாவம் பண்ச்சி?”

தோளைப் பார்க்கும்போது மட்டும் அவள் கை சற்று நிதானிக்கும். பத்தில் எட்டுப் பேருக்கு அங்கே வடு விழுந்திருக்கும். விரல் வைத்தால் பதியும் அளவுக்குச் சிலருக்குப் பள்ளமே இருக்கும். இருபது வருஷமாக மாமியார் வாங்கித் தந்த அதே அளவைப் போடுகிறவர்கள் உண்டு. புருஷன் சந்தையில் கண்ணால் மதிப்பிட்டு வாங்கி வந்ததை மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. ஜவுளிக் கடையில் ஆம்பிளைப் பையன்கள் முன்னால் பெயர் சொல்லிக் கேட்க வெட்கப்பட்டு, கையில் கிடைத்த டப்பாவைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடி வந்தவர்கள்தான் அதிகம். பஸ்ஸில் ஏறியதும் முந்தானைக்குள் கையை விட்டுப் பின்கொக்கியைக் கழற்றிப் பெருமூச்சு விடாத பெண் உத்திரமேரூர்ப் பக்கத்திலேயே கிடையாது என்பாள் அம்முலு.

பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில், வளையல் கடைக்குப் பின்னால் இருக்கிறது அவள் கடை. முன்னறையில் தையல் மிஷின், உள்ளே தாழ்ப்பாள் போட்ட சின்ன அறை. பலகையில் ‘லேடீஸ் டெய்லர்’ என்று மட்டும்தான் எழுதியிருக்கும். அவள் உண்மையில் என்ன தைக்கிறாள் என்பது வாலாஜாபாத், தென்னேரி, சாலவாக்கம் என்று வாய் வழியாகவே பரவியது.

ஒரு காலத்தில் அம்முலு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினோரு வருஷம் வேலை பார்த்தாள். அங்கே அவள் வேலை கொக்கிப் பட்டி தைப்பது. அது மட்டுமே. கப் தைப்பவள் வேறு, தோள்பட்டை வைப்பவள் வேறு. வெளிநாட்டுக்குப் போகும் அந்த உடுப்பு முழுதாக எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, கழித்துப் போட்டதில் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து தையல் தையலாகப் பிரித்திருக்கிறாள். இருபத்தெட்டுத் துண்டு! கட்டில் மேல் அவற்றை வரிசையாகப் பரப்பிவைத்துவிட்டு, அன்றைக்குச் சோறு பொங்கவே மறந்துபோனாளாம். “மோட்டார் பம்புல கூட இத்தினி பார்ட்டு இருக்காதுன்னு என் வூட்டுக்காரரே சொன்னாரு” என்பாள்.

போன புரட்டாசியில் ஒரு நாள் முனியம்மாள் வந்தாள். சாலவாக்கத்துக்கு அந்தாண்டை ஒரு காலனி அவளுக்கு. நாற்பத்தெட்டு வயது. வெயில் இல்லாத நேரத்திலும் மடக்கிய குடையை மார்புக்குக் குறுக்கே அணைத்துப் பிடித்தபடி வாசலிலேயே நின்றாள்.

“உள்ள வாம்மா. இன்னா வேல பண்ற நீ?”

“பண்ணிக்கினு இருந்தேங்க்கா. நடவு. எனக்குக் கீழ பதினோரு பேரு.”

“இப்ப?”

முனியம்மாள் உள்ளறைக்குப் போய், தாழ்ப்பாள் போட்டபிறகு, குடையைச் சுவரில் சாத்தினாள். முன் வருஷம் ஆஸ்பத்திரியில் இடது மார்பை எடுத்துவிட்டிருந்தார்கள்.

அம்முலு எத்தனையோ உடம்புகளைப் பார்த்தவள். இதைப் பார்த்ததில்லை. அக்குளிலிருந்து நெஞ்சின் நடுவரை ஓடிய தழும்பைப் பார்த்து அவள் கை தானாகப் பின்வாங்கியது. “தொடட்டுமா?” என்று கேட்டாள்.

முனியம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “எத்தினி பேரு தொட்டாங்க அங்க. ஒருத்தருகூட இந்தக் கேள்வி கேக்கலக்கா.”

பிறகுதான் கதை வந்தது. வைத்தியம் முடிந்து, டாக்டர் வேலைக்குப் போகலாம் என்று சொன்னதும், பழைய புடவைத் துணியை உருட்டி வைத்துக்கொண்டு நடவுக்குப் போயிருக்கிறாள். குனிந்து பத்து நிமிஷம் ஆகவில்லை. உருண்டை நழுவிச் சேற்றில் விழுந்தது. கட்டுக் கட்டாக நாற்று முடி வீசிக்கொண்டிருந்த ஆம்பிளைகள் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. “சிரிச்சிருந்தாக்கூடத் தேவலக்கா. அத்தினி பேரும் தலையத் திருப்பிக்கினாங்க.” அப்புறம் டவுனில் ஒரு பஞ்சுக் கப் வாங்கினாள். அதற்குக் கனமே இல்லை. குனிந்தால் கழுத்துக்கு ஏறிவிடும். வலது பக்கத்துப் பாரம் மட்டும் ஒரு பக்கமாக இழுக்க, கழுத்தும் முதுகும் நாள் முழுக்கப் பேஜார். எட்டு மாதமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். “வேல செய்யத் தெம்பு கீதுக்கா. குனியத்தான் முடியல.”

“எங்க, குனி” என்றாள் அம்முலு.

முனியம்மாள் குனிந்தாள். அம்முலு தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு கீழேயிருந்து பார்த்தாள். எந்தப் பக்கம் தொங்குகிறது, எந்தப் பக்கம் இடுப்பு கோணுகிறது என்று விரலால் காற்றில் கோடு போட்டுப் பார்த்தாள். எழுந்து வெளியே போனவள், ஒரு பெரிய தாம்பாளமும், அதற்குள் விளிம்பு தளும்பத் தண்ணீர் நிரப்பிய குண்டானுமாகத் திரும்பி வந்தாள்.

“இதுக்குள்ள குனிம்மா. மெள்ள.”

வலது மார்பு தண்ணீருக்குள் அமிழ அமிழ, குண்டானிலிருந்து தண்ணீர் வழிந்து தாம்பாளத்தில் நிறைந்தது. முனியம்மாள் நிமிர்ந்ததும், வழிந்ததை ஒரு சொட்டு சிந்தாமல் அம்முலு பால் அளக்கும் படியில் ஊற்றினாள். குனிந்து கோட்டைப் பார்த்தாள். முக்கால் லிட்டர்.

“முக்கா கிலோம்மா நீ இழந்துகீறது. பஞ்சு எப்டித் தாங்கும்?”

இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எப்படித் தோன்றியது என்று கேட்டால், “குண்டான்ல கைய வுட்டா தண்ணி வழியுது இல்ல?” என்று, கேட்டவரைத்தான் ஒரு மாதிரி பார்ப்பாள்.

முதலில் தைத்தது கேழ்வரகு நிரப்பிய பை. வலது பக்கத்தின் வடிவத்துக்கே வெட்டி, காய்கறிக் கடைத் தராசில் நிறுத்து, முக்கால் கிலோவுக்கு மணி பிசகாமல் நிரப்பினாள். முனியம்மாள் போட்டுக்கொண்டு நின்றாள். எட்டு மாதமாக ஒரு பக்கம் ஏறியிருந்த தோள் கீழே இறங்கிச் சமமானதை அம்முலு கண்ணெதிரே பார்த்தாள். “ஆண்டவனே!” என்று முனியம்மாள் சொன்னாளாம், வேறொன்றும் சொல்லவில்லை.

அஞ்சாம் நாள் அவள் திரும்பி வந்தாள். பேச முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அக்கா, இன்னா வெதச்ச நீ? மொளச்சிப் பூட்ச்சி!” பையை நீட்டினாள். வீட்டில் துணி துவைத்த தண்ணீரிலும் வேர்வையிலும் ஊறி, தையல் இடுக்குகள் வழியாக வெள்ளை வெள்ளையாக முளை நீட்டிக்கொண்டிருந்தது. இருவரும் மிஷின் மேல் கவிழ்ந்து சிரித்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். சிரிப்பு ஓய்ந்ததும் அம்முலு டேப்பை எடுத்தாள்.

அடுத்தது மணல். ஈரமானால் கல்லாக இறுகியது. அதற்கடுத்து, வளையல் கடையிலிருந்து வாங்கிய கண்ணாடிப் பாசிமணி. முளைக்காது, ஊறாது, துருப்பிடிக்காது. மணிகளுக்கு நடுவே நுரைத் துண்டுகள். தண்ணீர் தங்காமல் வடிய வலைத்துணி. பை நழுவாதபடி உள்பக்கம் ஒரு தனி அறை, அதற்கு மூன்று பித்தான். குனியும்போது முன்னால் சரியாமல் அடியிலிருந்து இழுத்துப் பிடிக்க ஒரு நாடா. நாலு விரல் அகலத்துக்கு விலாப்பட்டை. ஆபரேஷனுக்குப் பிறகு முனியம்மாளின் இடது கை முதுகுக்குப் போவதில்லை என்பதால் கொக்கியெல்லாம் முன்பக்கம். தழும்பின் மேல் ஒரு தையல்கூடப் படக் கூடாது என்று ஓரங்களை மூன்று தடவை பிரித்துப் போட்டாள்.

கடையில் போட்டுப் பார்த்து முனியம்மாள் திருப்தியாகச் சிரித்தாள். அம்முலுவுக்குத் திருப்தியில்லை. “இங்க குனியறது வேற. சேத்துல குனியறது வேற. என்னிக்கு நடவு?”

சொன்ன நாளில் கடையைப் பூட்டிவிட்டு, ஊசி நூல் கத்தரிக்கோலோடு டவுன் பஸ் ஏறிவிட்டாள். கழனி ரோட்டோரமாகவே இருந்தது. வரப்பில் போய் நின்றாள். பதினோரு பேரும் ஏற்கெனவே இறங்கியிருந்தார்கள். முனியம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் கால் வைத்தாள். எல்லாரும் அவளைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். நாற்று வீசும் ஆம்பிளைகள் கையில் பிடித்த முடியோடு ஒரு நொடி நின்றுவிட்டார்கள். இன்னொரு தடவை விழுந்தால் இவள் இனிமேல் கழனிப் பக்கமே வரமாட்டாள் என்று அம்முலுவுக்குத் தெரியும்.

முனியம்மாள் குனிந்தாள்.

ஐம்பது வருஷமாகப் பஸ் ஜன்னல் வழியாக அம்முலு நடவைப் பார்த்திருக்கிறாள். நின்று பார்த்தது அன்றைக்குத்தான். இடது கையில் நாற்று முடி. வலது கை பிரித்து, ஊன்றி, பிரித்து, ஊன்றி. ஒரு கால் பின்னால், மறுகால் பின்னால். பன்னிரண்டு முதுகுகள் ஒன்றாகப் பின்னே நகர, அவற்றுக்கு முன்னால் பச்சை விரிந்துகொண்டே வந்தது. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை இந்தக் கை கீழே போய் மேலே வரும்? இந்த உடம்புக்கா டப்பாவில் ஒரு நம்பர் போட்டு விற்கிறார்கள்? அம்முலுவுக்கு உடம்பு சிலிர்த்தது. வாய்க்குள்ளேயே, “யப்பா... யப்பா...” என்றாள்.

கால் கழனி முடிந்தது. அரைக் கழனி முடிந்தது. முனியம்மாளின் கை ஒரு தடவைகூட நெஞ்சுப் பக்கம் போகவில்லை. நடுவில் யாரோ வரிசை பிந்தியதற்கு, “தூங்கினுகீறியா? காலத் தள்ளுடீ!” என்று அவள் போட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. மற்றப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பழைய முனியம்மாளின் சத்தம் அது.

காலை நாஷ்டாவுக்குக் கரையேறி, ஆம்பிளைகள் மோட்டார் கொட்டகைப் பக்கம் போனதும், பெண்கள் அத்தனை பேரும் அவளை மொய்த்துக்கொண்டார்கள். எப்படி நிற்கிறது, உறுத்தவில்லையா, எங்கே கொக்கி என்று ஆளுக்கொரு கேள்வி. ஒருத்தி தன் தோள் பள்ளத்தைக் காட்டினாள். இன்னொருத்தி, கோடையில் பட்டைக்கு அடியில் தோல் உரிந்துபோவதைச் சொன்னாள். பதினேழு வயதிலிருந்து இறுக்கிக் கட்டிக்கொண்டிருப்பவள் ஒருத்தி, “மூச்சே வுட முடியறது இல்லக்கா” என்று அம்முலுவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “எங்க முனிம்மா, தொறந்து காட்டு, பாப்பம்!”

“பாருங்கடீ” என்று முனியம்மாள் ரவிக்கையின் முதல் கொக்கியில் கை வைத்தாள்.

ரோட்டில் சாலவாக்கத்து பஸ், ஜன்னலுக்கு ஜன்னல் ஆட்களோடு திரும்பிக்கொண்டிருந்தது. அம்முலு ஓடிப்போய் வரப்பின் மேட்டில் ஏறினாள். பெண்களுக்கு முதுகைக் காட்டி, பஸ்ஸை நேருக்கு நேர் பார்த்தபடி, தன் முந்தானையை இரண்டு கையாலும் அகல விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.