தேயிலைக்கு நடுவே என் மகள்

புதன்கிழமை மாலை நாலு பத்துக்கு என் மகள் ஒரு படம் அனுப்பினாள். அந்த நிமிடத்திலிருந்து எல்லாம் கோணலாகப் போனது.

அவள் கென்யா போய் அன்று மூன்றாவது நாள். அங்குள்ள கத்தோலிக்கப் பாடசாலைகளின் மாணவத் தலைவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு சிஸ்டரோடு நான்கு இளைஞர்கள் போயிருந்தார்கள். எங்கள் லிந்துலையிலிருந்து இவள் ஒருத்தி. நாங்கள் ஹட்டனில் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டதோடு சரி. விமானத்தைக் கண்ணால் காணவில்லை.

படத்தில் ஒரு தேயிலை மலை. தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கும் நாலைந்து பேர். நடுவில் என் மகள், நுவரெலியாவில் வாங்கிய அதே சிவப்பு சுவெட்டரில். கீழே, "இது எந்த இடம்னு சொல்லுங்க பாப்போம்" என்று எழுதியிருந்தாள்.

நான் புவியியல் ஆசிரியர். கென்யாவின் மேட்டுநிலம் குளிரானது, அங்கே தேயிலை விளைகிறது என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவன். ஆனாலும் படத்தைப் பார்த்ததும் இது நம் ஊர் மலைதானே என்று தோன்றிவிட்டது. எழுதிப்போட்டேனே தவிர, நான் அதை நம்பியிருக்கவில்லை போலும்.

என் மனைவியின் அண்ணன் எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருக்கிறார். கங்காணியாக இருந்து ஓய்வுபெற்றவர். மலையைப் பார்த்தே எந்தத் தோட்டம் என்று சொல்லிவிடுவார் என்று பேர். நாங்கள் கொண்டுபோய்க் காட்டிய படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, செடிகளைக் கவாத்து வெட்டியிருந்த விதத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"மாப்பிள, இது இறம்பொட. எனக்குத் தெரியாத மலையா? ஆப்பிரிக்காவுல எவன் சுவெட்டர் போடுறான்?"

நுவரெலியாவுக்கு அப்பால் உள்ள இறம்பொடை என்றதும் மனைவி என்னைப் பார்த்தாள். மகளோடு பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு பையன் அந்த ஊர்க்காரன். இரண்டு முறை வீட்டுக்கு வந்து, என்னை 'சேர்' என்று கூப்பிட்டு, நீட்டிய பிஸ்கட்டை மரியாதையாக மறுத்தவன். அந்த மரியாதையே இப்போது சந்தேகமாகப் பட்டது. கென்யா என்று சொல்லிவிட்டு இவனிடம் போய்விட்டாளோ?

மகளுக்கு அழைத்தோம். போன் அணைந்திருந்தது. சிஸ்டருடையதும் அப்படியே. பங்குத்தந்தையைக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஞாயிறு பூசைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும் என்று மனைவி தடுத்துவிட்டாள். காணாமல்போனதைக் கண்டுபிடித்துத் தரும் அந்தோனியாருக்கு மட்டும் ஒரு மெழுகுதிரி கொளுத்தினாள். அவர் யாரிடமும் சொல்லமாட்டார்.

மறுநாள் லீவு போட்டேன். மூன்று பேரும் ஓர் ஆட்டோவில் இறம்பொடைக்குப் போனோம். ஒவ்வொரு வளைவிலும் மச்சான் படத்தைத் தூக்கி மலையோடு ஒத்துப் பார்த்தார். எல்லா மலையும் ஒத்துவந்தது. மனைவி ஜெபமாலையை விடவில்லை. மகளை அங்கே கண்டால் முதலில் என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டே வந்தேன்.

அந்தப் பையனின் வீட்டுக் கதவைத் திறந்தது அவனுடைய மனைவி. இடுப்பில் ஒரு குழந்தை. பின்னாலேயே அவனும் வந்து, "வாங்க சேர், என்ன திடீர்னு?" என்றான். மச்சான் சற்றும் தயங்காமல், அங்குள்ள அனுமார் கோயிலுக்கு வந்ததாகச் சொன்னார். கையில் ஜெபமாலையோடு என் மனைவியும் தலையாட்டினாள். அந்தப் பெண் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். இம்முறை பிஸ்கட்டை மறுத்தது நான்.

வெள்ளிக்கிழமை மதியம் மகளே அழைத்தாள். பயிற்சி தொடங்கியதும் எல்லாருடைய போனையும் சிஸ்டர் ஒரு கூடையில் வாங்கி வைத்துவிட்டாராம், தன்னுடையது உட்பட. படத்தில் ஏன் கென்யப் பிள்ளைகள் ஒருவர்கூட இல்லை என்று கேட்டேன்.

"படத்த எடுத்ததே அவங்கதானேப்பா."

போனை மனைவியிடம் கொடுத்துவிட்டேன். கென்யாவுக்கு நாற்று போனதே இறம்பொடையிலிருந்துதான் என்று மச்சான் மட்டும் இன்றைக்கும் சாதிக்கிறார்.

அடுத்த வாரம் அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். நாங்கள் அனுமார் கும்பிட்ட கதையை அந்தப் பையன் முன்பே அவளுக்கு எழுதியிருந்தான். சிரித்துச் சிரித்து அம்மாவின் தோளில் சாய்ந்தாள். பிறகு காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

"நான் நெசமாவே இறம்பொடைல இருந்திருந்தா என்னப்பா செஞ்சிருப்பீங்க? திட்டியிருப்பீங்களா, வீட்டுக்கு வான்னு கூப்பிட்டிருப்பீங்களா?"