மோட்டர் வந்த பிறகு மிஞ்சிய நேரம்

யுத்தம் முடிந்த மறுவருடம், வாப்பா கல்பிட்டியிலிருந்து ஒரு தண்ணீர் மோட்டரைக் கொண்டுவந்து தோட்டத்தில் இறக்கினார். எனக்கு அப்போது ஏழு வயது. எங்களுடையது மணல் நிலம். ஊற்றிய தண்ணீர் கண் முன்னாலேயே காணாமல் போகும். உம்மாவும் எனக்கு மூத்தவளான ராத்தாவும் கைக்கொரு பூவாளியோடு விடிந்ததிலிருந்து பத்து மணிவரை கிணற்றுக்கும் வெங்காயப் பாத்திக்கும் நடப்பார்கள். பின்னேரம் மறுபடியும் நடை. அதற்காகவே ராத்தா ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டிருந்தாள்.

வாப்பா கயிற்றை இழுத்தார். மோட்டர் இருமிவிட்டு நின்றது. இன்னொரு முறை இழுத்தார், இருமல்கூட இல்லை. மூன்றாம் முறை உறுமியதே ஒரு உறுமல்! குழாய்கள் துள்ளின. பாத்திகளுக்கு நடுவே நட்டிருந்த கம்பிகளின் தலைகள் கிறுகிறுவென்று சுழன்று தண்ணீரை வாரி இறைத்தன. நான் சட்டையோடு உள்ளே பாய்ந்தேன்.

"ராத்தா, மழை! ஓடி வாங்க!"

ராத்தா பூவாளிகளைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னைத் தூக்கிச் சுற்றினாள். உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். காலை முழுக்க இழுக்கும் வேலை முக்கால் மணியில் முடிந்துவிட்டது.

அன்று மத்தியானமே ராத்தா அலுமாரியிலிருந்து பழைய பள்ளிக்கூடச் சட்டையை எடுத்து, அடிமடிப்பைப் பிரித்து நீளமாக்கத் தொடங்கினாள்.

மறுநாள் வாப்பா துள்ளலோடு வந்தார். "பக்கத்துக் காணியையும் குத்தகைக்கு எடுத்திட்டேன். இந்த மோட்டர் ரெண்டுக்கும் போதும்."

"களை புடுங்க ஆளுக்கு எங்க போற?" என்றார் உம்மா.

"ஆள் எதுக்கு? மகளுக்கு இப்ப காலையில வேலை இல்லத்தானே."

நான் கைதட்டிக்கொண்டு உள்ளே ஓடினேன். "ராத்தா, நமக்கு இன்னொரு தோட்டம்!"

"ஓம், நல்லம்" என்று சொல்லிவிட்டு, அவள் ஊசியைச் சட்டையிலேயே குத்தி மடித்து வைத்தாள்.

தோட்டம் இரண்டும் அள்ளிக் கொடுத்தன. அடுத்த வருடமே எங்கள் ஓலை வீடு கல்வீடானது. எனக்குச் சைக்கிளும் புதுப் புத்தகப் பையும் வந்தன. புத்தகங்களுக்கு உறை போட்டுத் தந்தது ராத்தாதான். ஒவ்வொன்றையும் விரித்து, பக்கம் பக்கமாகப் பார்த்து, மூடி, மறுபடி விரித்தாள். எனக்கோ பொறுமையில்லை. இவ்வளவு சின்ன வேலைக்கு இவ்வளவு நேரமா என்று அவளை அவசரப்படுத்தினேன்.