மஞ்சள் மார்க் போட்ட போல்ட்டுகள்

என் கணவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை பார்க்கிறார். அங்கே போல்ட்டை முறுக்கியதும் மஞ்சள் பெயிண்டில் மார்க் போடுவார்கள். மார்க் இருந்தால் யாரும் திரும்பத் தொட மாட்டார்கள்.

காருக்குப் பின்னால் இழுத்துப் போக, உள்ளே படுத்துத் தூங்குகிற மாதிரி, கண்ணீர்த்துளி வடிவத்தில் ஒரு கேம்பரை மத்திகிரி வீட்டு வாசலிலேயே செய்தார். அதன் பலகைக் கூட்டை டிரெய்லர் ஃபிரேமில் மாட்டிய மறுநாளே தேன்கனிக்கோட்டைக்குக் கிளம்பினோம். கேம்பருக்குள் படுத்து வருவேன் என்று மகள் அடம்பிடித்தாள். ஏனோ எனக்கு மனசு கேட்கவில்லை. அதட்டிக் காரில் உட்கார வைத்தேன்.

ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்னால் 'டக்'கென்றது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ஏங்க, நிறுத்திப் பாருங்க."

"எல்லாத்துலயும் மார்க் போட்டிருக்கு. சும்மா வா."

"நிறுத்தறீங்களா, நான் குதிக்கட்டுமா?"

இறங்கிப் போய்க் கூட்டைத் தள்ளினார். ஃபிரேமை விட்டு நகர்ந்தது. முன்பக்க நட்டுகளைக் காணோம். முதல் நாள் நட்டுகளைக் கையால் மட்டும் திருகிவிட்டு, கம்பெனிப் பழக்கத்தில் மார்க்கும் போட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். திரும்பி வந்தவர் மார்க்கைப் பார்த்து, முறுக்கியாயிற்று என்று விட்டுவிட்டாராம்.

மகள் அந்தக் கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மஞ்சள் பெயிண்ட் இப்போது என் சமையலறை அலமாரியில் இருக்கிறது. அவர் முறைத்தாலும் சரி, ஒவ்வொரு போல்ட்டையும் நானே ஸ்பேனர் போட்டு இழுத்துப் பார்த்த பிறகுதான் அது கீழே இறங்கும்.