திருநாளில் நனைந்த கடலை

ஏலாக்குறிச்சியை அடுத்த சிற்றூரில் மாதாகோயில் உபதேசியாராயிருந்த சவரியார் வேதம் கற்றவர். கற்றதை அடக்கிக்கொள்ளத் தெரியாதவர். யூதரின் பாஸ்குத் திருநாள் எப்போது, கூடாரத் திருநாள் எப்போது, ஓய்வுநாளில் அவர்கள் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதெல்லாம் அவர் நாவில் நின்றன. ஊரார் வியந்து கேட்பர். அவ்வியப்பே அவருக்கு உணவாயிற்று.

1946-ஆம் ஆண்டு ஐப்பசியில் புனிதர் அனைவரையும் நினைக்கும் சகல அர்ச்சிஷ்டர் திருநாள் வெள்ளிக்கிழமை வந்தது. ஞாயிறுபோல் அன்றும் வயல்வேலை விலக்கு. அறுவடைக் காலமாயின் பங்குச் சுவாமியார் வேலைக்கு உத்தரவு கொடுப்பது வழக்கம். அவர் வேற்றூர்ப் பூசைக்குப் போயிருந்தார். "அவசரமென்றால் நீரே பார்த்துச் சொல்லும்" என்று சவரியாரிடம் விட்டிருந்தார்.

செபம் முடிந்ததும் கைம்பெண் மதலேனம்மாள் வந்தாள். அவ்வாண்டு அவளும் இரு பெண்மக்களும் உண்ணவேண்டிய விளைச்சலான நிலக்கடலை முழுவதும் களத்தில் காய்ந்துகொண்டிருந்தது.

"கெழக்க கருக்கிக்கிட்டு வருதுங்க. கடலைய அள்ளி வூட்டுல போட்டுக்கட்டுங்களா?"

கோயில் முற்றத்தில் பத்துப்பேர் நின்றனர். அவர்கள் செவியிற் படவே சவரியார் குரலை உயர்த்தினார்.

"மோயீசன் காலத்து யூதர்ல ஓய்வுநாளு சுள்ளி பொறுக்குனவன் என்ன ஆனான் தெரியுமா? கல்லெறிஞ்சு கொன்னாங்க. ஒனக்குக் கடலை பெருசா, திருநாள் பெருசா?"

"சுள்ளிக்கே கல்லுன்னா கடலைக்கு மலையத்தான் தூக்கிப் போடுவாங்க, போ தாயி" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தனர்.

நண்பகலில் மழை இறங்கியது. சவரியாரின் வாசலிலும் கடலை காய்ந்தது. முதல் துளியிலேயே அவரும் மனைவியும் ஓடியோடி அள்ளினர். குழியில் விழுந்த ஆட்டை ஓய்வுநாளிலும் தூக்கலாமென்று ஆண்டவர் சொன்னது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. காலையில் வராத நினைவு. கடைசிக் கூடையோடு நிமிர்ந்தபோது தெருவில் மதலேனம்மாள் நனைந்து நின்றாள். கூடையைப் பார்த்துவிட்டுப் போனாள்.

மழை நான்கு நாள் விடவில்லை. அவள் கடலை களத்திலேயே முளைவிட்டது.

அடுத்த வாரத்து ஞாயிறு, ஊர் பூசைக்குப் போகும் வேளையில், சவரியார் தம் கடலையில் ஒரு மூட்டையைத் தலையில் சுமந்து மதலேனம்மாள் வீட்டுக்கு நடந்தார். பத்துப்பேர் கேட்கச் சொன்னதைப் பத்துப்பேர் காண அழிக்க எண்ணினார். அதிலும் பெருமை ஒளிந்திருந்ததை அவள் வாசலில்தான் அறிந்தார்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமைங்களே. மூட்டை தூக்கலாமுங்களா?" என்றாள் மதலேனம்மாள்.

அவர் மூட்டையை இறக்கக் கை உயர்த்தினார்.

"நீங்க பாவம் கட்டிக்க வேணாம். நான் எறக்குறேன்" என்று அவளே மூட்டையை வாங்கி இறக்கினாள். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பூசைக்கு நடந்தாள்.

அன்று சவரியார் தாம் வழக்கமாய் நிற்கும் பீடத்தருகே போகவில்லை. கதவோரம், செருப்புகள் கிடந்த இடத்தில் முழந்தாளிட்டார்.